பழவேற்காட்டு அங்காடியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மலாய் நாட்டு முஸ்லிம் ஆடவர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'கைன் பெலிகாட்' என்பது பெயர். 'கைன்' என்றால் மலாய் மொழியில் துணி. 'பெலிகாட்' என்பது யாது? பினாங்கிலோ கோலாலம்பூரிலோ அதை உடுத்தித் தொழுகைக்குச் செல்லும் இளைஞரைக் கேட்டால், அது ஒரு துணிவகையின் பெயர் என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. நம் நாட்டுப் பழைய ஜவுளி வணிகர்கள் 'பாளையக்காட்டுக் கைலி' என்று சொல்லிவந்ததும் இதையே. சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில், ஒரு பெருங்காயலின் தென்முனையில் இருக்கும் பழவேற்காடு என்னும் ஊரின் பெயர்தான் அயலார் நாவில் 'பலியகாட்டே' என்றும் 'புலிக்காட்' என்றும் திரிந்து, கடல் கடந்து ஒரு துணியின் பெயராக நின்றுவிட்டது. இன்று அவ்வூர் மீனும் இறாலும் நண்டும் விலைபோகும் இடம். ஒரு காலத்தில் கீழைக்கடலின் பெரும் அங்காடிகளுள் ஒன்றாக அது விளங்கியது எங்ஙனம், பின்னர் மங்கியது எதனால் என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் நம்மவர்க்குப் பயன்தரும். ஏனெனில் அவ்வங்காடியில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு.

முதலில் நிலவமைப்பு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் தமிழகத்தில், திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் அடங்கும். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் வந்து கலக்கின்றன. கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு அரண்போல் கிடக்கிறது. 1971 முதல் ஏவுகலங்கள் விண்ணேறும் தீவு அதுதான். தீவின் தென்முனையை ஒட்டிக் காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் உண்டு. அது ஆண்டுக்காண்டு இடம் பெயரும். மணல் மேவி அடைபடவும் செய்யும். ஆகவே பெருங்கலங்கள் எக்காலத்தும் உள்ளே நுழைந்ததில்லை. அவை வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்குகளைப் படகுகளில் ஏற்றியிறக்கினர். அலையின் போக்கறிந்த குப்பத்து மக்களின் துணையின்றி ஒரு பொதியும் கரை சேர்ந்திராது. வரலாற்று நூல்களில் கோட்டைத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன; படகோட்டிகளின் பெயர் ஒன்றேனும் வரக் காணோம்.

ஒல்லாந்தர் இங்கே வந்திறங்கிக் 'கரிமணல்' என்ற சிற்றூரின் பெயரைக் கேட்டு, அதனால்தான் கரை முழுவதற்கும் 'கோரமண்டலம்' என்று பெயரிட்டனர் என்றொரு கதை வழங்குகிறது. சுவையான கதையே. ஆயினும் சோழமண்டலம் என்பதன் திரிபு அது என்று கொள்வதே பொருத்தம். அரபுப் புவியியலாரோ தமிழகத்தின் கிழக்குக் கரையை 'மஅபர்' என்றனர். 'அபர' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல் அது. கடந்து செல்லும் துறை என்பது பொருள். ஒரு நாட்டுக்குத் 'துறை' என்றே பெயர் வைத்தவர் அதைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து கண்டவராகத்தான் இருத்தல் வேண்டும்.

பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களிடையே, தம் முன்னோர் அரபகத்திலிருந்து நான்கு மரக்கலங்களில் வந்து கரையேறியவர் என்றொரு வழிவழிச் செய்தி உண்டு. அவர்கள் வந்த நூற்றாண்டைப் பற்றிச் சொல்வோர் சொல்லுக்குச் சொல் வேறுபடுவர். செவிவழிச் செய்தியை அப்படியே வரலாறாக்கிவிடுதல் நன்றன்று. எள்ளி ஒதுக்குதலும் முறையன்று. வாணிகம் கருதி வந்த அரபியர் இம்மண்ணிலேயே மணம்செய்து, தமிழே வீட்டுமொழியாகக் கொண்டு, மரைக்காயர் எனப் பெயர்பெற்று நிலைத்தது காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை எங்கும் கண்ட உண்மை. பழவேற்காடு அச்சங்கிலியின் வடகோடிக் கண்ணி.

ஐரோப்பியர் எழுத்தில் இவ்வூரைப் பற்றிய தெளிவான செய்தியைத் துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுக்கீசியர் தருகிறார். ஏறத்தாழ 1516ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அவர் குறிப்பில், பழவேற்காடு விசயநகர வேந்தரின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகம். அங்கே முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். பெகு நாட்டு மாணிக்கமும் கஸ்தூரியும் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவ்வூரில் உருவாகும் வண்ணத் துணிகளை மலாக்கா, பெகு, சுமத்ரா, குஜராத், மலபார் ஆகிய இடங்களில் நல்ல விலைக்கு வாங்குகின்றனர். அங்கிருந்து செம்பும் பாதரசமும் பன்னீரும் திரும்பி வருகின்றன. இப்பட்டியலைப் படிக்கும்போது நாம் கவனிக்க வேண்டியது சரக்குகளை அன்று, வாங்குவோரை. மேற்கே குஜராத்தியரும் கிழக்கே பர்மியரும் மலாய்க்காரரும் ஒரே கடைத்தெருவுக்கு வந்தனர். ஒருவர் வராத ஆண்டு மற்றொருவர் வந்தார். மாணிக்கத்தின் விலை விழுந்த ஆண்டு துணி விலைபோயிற்று. உள்நாட்டில் விசயநகரம் என்னும் பெருநகரம் குதிரைக்கும் மணிக்கும் வாசனைப் பொருளுக்கும் தீராத வேட்கையோடு இருந்தது.

போர்ச்சுக்கீசியர் வந்தபின் இவ்வோட்டத்தில் முதல் தடை விழுந்தது. கடலில் செல்லும் ஒவ்வொரு கலமும் தம்மிடம் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும், இன்றேல் சரக்கும் கலமும் பறிக்கப்படும் என்று அவர்கள் விதித்தனர். அச்சீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கர்த்தாஸ்'. இது அரபியின் 'கிர்தாஸ்' என்ற சொல்லே. தாள் என்று பொருள். திருக்குர்ஆனின் அல்-அன்ஆம் அத்தியாயத்திலும் இச்சொல் வந்துள்ளது. அரபுக் கலங்களை மறிப்பதற்கு அரபுச் சொல்லையே எடுத்துக்கொண்டனர்! எனினும் போர்ச்சுக்கீசியர் கெடுபிடி வங்கக் கடலில் அரபிக் கடலின் அளவுக்கு இறுக்கமாக இருந்ததில்லை. பழவேற்காட்டில் குடியேறிய போர்ச்சுக்கீசியருட் பலர் தத்தம் சொந்த வாணிகத்துக்காக வந்தவர். உள்ளூராரோடு போட்டியும் கூட்டும் கலந்தே வாழ்ந்தனர். அவர்கள் காலத்து மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்பர்.

பேரிடி 1565இல் விழுந்தது. தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோற்று, அத்தலைநகர் அழிந்தது. துறைமுகத்திலிருந்து மேற்கே சென்ற வண்டிகளுக்குச் சேருமிடம் இல்லாது போயிற்று. வாணிகத்தின் ஒரு பகுதி வடக்கே கோல்கொண்டா சுல்தான்களின் மசூலிப்பட்டினத்துக்குத் திரும்பிற்று. ஆயினும் பழவேற்காடு படுத்துவிடவில்லை என்பதே கருதத்தக்கது. பேரரசின் தலைநகர் போனபின்னும், நெசவூர்கள் பின்னிலத்தில் இருந்தன. கீழ்த்திசைத் துறைகளில் வாங்குவோர் இருந்தனர். ஆகவே கடைத்தெரு இருந்தது.

இந்நிலையில்தான் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தனர். 1602இல் அமைந்த அவர்களது கிழக்கிந்தியக் கும்பினியின் நோக்கம் துணியன்று, வாசனைப் பண்டம். மொலுக்கத் தீவுகளின் கிராம்பும் பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் ஐரோப்பாவில் பன்மடங்கு விலைபெற்றன. ஆனால் அத்தீவு மக்கள் வெள்ளியைவிடத் துணியையே விரும்பினர். அதிலும் சோழமண்டலக் கரையின் சாயம் போகாத துணியை. ஆகவே கிராம்பு வாங்கப் பழவேற்காட்டுத் துணி தேவைப்பட்டது. இக்கரையை மொலுக்கத் தீவுகளின் இடக்கையாகக் கருதலாம் என்னும் கருத்தை 1612இல் ஹென்றிக் பிரௌவர் என்ற கும்பினி அதிகாரி எழுதி அனுப்பினார். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட வேங்கடபதிராயரிடம் 1610இல் இசைவு பெற்று ஒல்லாந்தர் இங்குப் பண்டகசாலை அமைத்தனர். பிற ஐரோப்பியரை இங்கு வாணிகம் செய்யவிடலாகாது என்பதும் அவர்கள் பெற்ற உறுதிகளுள் ஒன்று. 1612இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் வந்து அப்பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. 1613இல் அது நிலைபெற்றது. ஒல்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களது தலைமையிடமும் அதுவே ஆயிற்று.

அங்காடியின் உச்சநிலை அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளே. அத்துணி உருவான முறையைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. சிவப்புச் சாயத்துக்குக் கடற்கரை மணலில் விளையும் இம்பூறல் வேர், நீலத்துக்கு அவுரி, சாயம் பிடிக்கப் படிகாரமும் கடுக்காயும். இழையை முன்னரே சாயமேற்றிக் கட்டமாக நெய்வது ஒருவகை. நெய்த வெள்ளைத் துணியில் எழுதுகோலால் வண்ணம் தீட்டுவது மற்றொரு வகை. ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு விருப்பம்: இங்குச் சிவப்புக் கரை, அங்கு நீலக் கட்டம், நீளத்திலும் அகலத்திலும் சாண் கணக்கில் வேறுபாடு. இவ்விருப்பம் கடல் கடந்து வந்து, கோட்டையில் பதிவாகி, பெருவணிகரிடம் சென்று, அவர் தரகர் வழியே ஊரூராகத் தறிக்காரரை அடைந்தது. கூடவே முன்பணமும் சென்றது. முன்பணம் வாங்கிய நெசவாளர் அத்துணியைப் பிறருக்கு விற்க இயலாது. துணி வந்தபின் கோட்டையில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம்பிரித்துக் குறையுள்ளதைத் தள்ளுவர், அல்லது விலையைக் குறைப்பர். பெருவணிகருள் தலையாயவர் அச்சுதப்ப செட்டியார். 1634இல் அவர் மறைந்த பின்னும் அவர் குடும்பத்தார் ஒல்லாந்தரோடு வாணிகத்திலும் நாயக்க மன்னர்களின் அரசியலிலும் பெரும்பங்கு வகித்தனர். பிற்காலத்தில் கும்பினியார் உள்ளூர் வணிகரைப் பங்குக் கூட்டாகச் சேர்த்து, முதலை ஒன்றாகப் போடச் செய்து, கொள்முதலை அவர்களிடமே ஒப்படைத்தனர். இன்றைய பங்கு நிறுவனங்களின் சாயல் அதில் உண்டு. ஒரே வேறுபாடு, அக்கூட்டுக்கு வாங்குவோர் ஒருவரே.

கோட்டையிலேயே நாணயச்சாலை இருந்தது. அங்கு அடித்த செப்புக் காசுகளில் கும்பினிப் பெயரின் முதலெழுத்துகளான வி, ஓ, சி மூன்றும் பின்னிக் கிடக்கும். அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணும் நம் பிள்ளைகள் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யின் காசு என்று மயங்குவதுண்டு. அவர் 1906இல் கப்பல் கும்பினி தொடங்கியது இதற்கு நேர்மாறான நோக்கத்துக்காக. வெடிமருந்து ஆலை ஒன்றும் இங்கு இயங்கியது. அம்மருந்து பத்தாவியாவுக்கும் பிற கோட்டைகளுக்கும் சென்றது. 1621இல் யான் பீட்டர்சோன் கோன் என்ற ஒல்லாந்தத் தலைவர் சாதிக்காய்க்காகப் பண்டாத் தீவுகளின் மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் நாடுகடத்தியும் தீர்த்த கொடுமையைத் தீவுவரலாறு பேசும். அம்மக்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுக்குத் துணி சென்ற அதே வாணிகப் பாதையில்தான் கும்பினியின் வெடிமருந்தும் சென்றது.

இதனினும் வேதனை தருவது மனிதர் விற்பனை. வேங்கடபதிராயர் 1614இல் மறைந்தபின் வாரிசுப் போர் மூண்டு நாடு சீரழிந்தது, பஞ்சமும் சேர்ந்தது. 1621 முதல் 1623 வரையிலான ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை ஒல்லாந்தர் அடிமைகளாகக் கப்பலேற்றியதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அதற்குப் பின்னரும் ஒவ்வொரு பெரும் பஞ்சத்தின்போதும் இவ்விற்பனை தலைதூக்கியது. ஒல்லாந்தரை மட்டும் பழித்து நாம் கைகழுவிவிட முடியாது. ஊருக்குள் சென்று பசித்தவரைக் கூட்டிவந்து கொடுத்தோர் நம் நாட்டுத் தரகர்களே. சுதந்திர மனிதனை விற்று அவன் விலையை உண்பவனுக்கு மறுமையில் இறைவனே எதிர்வழக்காளியாக நிற்பான் என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவ்வெச்சரிக்கையை அறிந்த வணிகர் அக்காலத்துப் பழவேற்காட்டிலும் இருந்திருப்பர். அவர் செய்தது என்ன என்பதைக் கும்பினி ஏடுகள் சொல்லவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவில் சந்தைக்கென ஒரு திடலை ஒதுக்கியபோது, அதில் எவரும் இடத்தை நிலையாக வளைத்துக்கொள்ளலாகாது, அங்கு விற்போரிடம் வரி தண்டலாகாது என விதித்ததாகப் பழைய நூல்களில் காண்கிறோம். முந்தி வந்தவர் அன்றைக்கு அவ்விடத்துக்கு உரியவர். மறுநாள் எவரும் வரலாம். கெல்ட்ரியா கோட்டைக்கடியில் அமைந்த அங்காடி இதன் மறுதலை. அங்கு விற்போர் பலர், வாங்குவோர் ஒருவர். அவ்வொருவர் இருக்கும் வரை பொன் புரண்டது என்பது உண்மை. நெசவூர்கள் பெருகின, ஊரில் ஒல்லாந்தக் குடும்பங்களும் மரைக்காயர் மாளிகைகளும் எழுந்தன, ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் பத்தாண்டுக் காலம் இங்கிருந்து, பிராமணர் ஒருவரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இல் ஒல்லாந்தில் அச்சாயிற்று. இவ்வளவு செழிப்பும் ஒரு கணக்குப்புத்தகத்தைச் சார்ந்து நின்றது.

இக்காலத்து நகர்ப்புறங்களில் எழும் 'மால்' எனப்படும் பேரங்காடிகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் புறத்தே எடினா என்ற ஊரில் 1956இல் திறந்த சவுத்டேல் அங்காடியே முழுதும் கூரையால் மூடி அமைத்த முதற் பேரங்காடி என்பர். அதில் இரு பெரிய பல்பொருள் நிலையங்கள் இருந்தன; அவற்றுக்கு வரும் கூட்டத்தை நம்பிச் சிறுகடைகள் நடுவே அமைந்தன. அப்பெருங்கடைகளை 'நங்கூரக் கடை' என்றே அத்தொழிலார் அழைக்கின்றனர். சவுத்டேலைப் பார்த்து ஆயிரக்கணக்கில் அத்தகைய அங்காடிகள் எழுந்தன. பின்னர் சியர்ஸ் போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் நொடித்து, சியர்ஸ் 2018இல் திவால் மனுச் செய்தபோது, அவற்றை நங்கூரமாகக் கொண்ட அங்காடிகளில் சிறுகடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. சிறுகடைக்காரர் சரக்கில் குறையில்லை, விலையிலும் குறையில்லை. நங்கூரம் அறுந்தது, அவ்வளவே. பழவேற்காட்டு நெசவாளர்க்கும் தரகர்க்கும் நேர்ந்தது இதுவே. ஆனால் இருநூறு முந்நூறு ஆண்டுகள் முன்னதாக.

1690இல் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை வென்றபின் வடகரை அமைதியிழந்திருந்தது. இலங்கை அவர்கள் கைக்கு வந்தபின் நாகப்பட்டினம் அதற்கு அண்மையில் இருந்தது. கும்பினியின் கணக்கில் இது அறிவுடைய முடிவுதான். பழவேற்காட்டில் சிறு காவற்படையும் சிலவகைத் துணிக் கொள்முதலும் எஞ்சின. ஆனால் தலைமையிடம் என்றால் ஆளுநர், எழுத்தர், கப்பல்கள், காவற்படை, கொத்தர், தச்சர், கொல்லர் அனைவருமன்றோ? அவர்களின் அன்றாடச் செலவு ஊரைவிட்டுப் போயிற்று.

வாங்குவோர் வேறு எவரேனும் அருகில் இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். இருந்தனர், ஆனால் தெற்கே நாற்பது கல் தொலைவுக்குள் அவர்கள் தமக்கென ஓர் அங்காடியை எழுப்பிவிட்டனர். ஆங்கிலேயர் 1621 முதல் 1623 வரை பழவேற்காட்டிலேயே ஒல்லாந்தர் நிழலில் வாணிகம் செய்ய முயன்று பார்த்தனர், தாளவில்லை. பின் 1626இல் இதே காயலின் வடபுறத்தில் துர்க்கராயப்பட்டினத்தில் ('ஆர்மகான்' என்பர்) ஒரு சாலை அமைத்தனர், அதுவும் சரிப்படவில்லை. 1639இல் மதராசப்பட்டினத்தில் மணல்மேட்டு நிலம் பெற்றனர். கோட்டையின்றிப் பார்த்தால் அந்த இடத்தில் துறைமுகத்துக்குரிய எந்த வசதியும் இல்லை. ஆயினும் ஆங்கிலக் கும்பினியோடு தனி வணிகரும், ஆர்மீனியரும், போர்ச்சுக்கீசியரும், சூலியா முஸ்லிம்களும் அங்கே இடம்பெற்றனர். 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர்க்கெனவே அமைத்தனர். நெசவாளர் எப்போதும் கால்நடையாக நகரக்கூடிய குடி. தறியைப் பிரித்துத் தோளில் வைத்தால் ஊர் மாறிவிடும். அவர்கள் எங்குச் சென்றார்களோ அங்கே அங்காடி சென்றது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் பிடித்தனர். பழவேற்காடு 1785இல் திரும்ப ஒல்லாந்தர் கைக்கு வந்து மீண்டும் தலைமையிடமாயிற்று. 1795இல் மறுபடி போயிற்று. 1799 இறுதியில் கும்பினியே கலைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்தனர். 1818இல் இடிபாட்டைத் திருப்பிக் கொடுத்து, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 1825இல் இறுதியாகப் பெற்றுக்கொண்டனர். ஓர் ஊர் இத்தனைமுறை கைமாறியும் வாங்கியவர் எவரும் அங்கு வாணிகம் செய்யவில்லை.

துணியின் கதை வேறுவழியில் சென்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில் 'புலிக்கேட்' என்ற பெயரிலேயே கட்டம் போட்ட கைக்குட்டைகள் நெய்யப்பட்டன. பெயர் ஊரைவிட்டுப் பிரிந்து சரக்கின் பெயராகிவிட்டால், அதை எவரும் எங்கும் நெய்யலாம். பாளையக்காட்டுக் கைலியும் பின்னாளில் குடியாத்தம் முதலிய ஊர்களில் நெய்யப்பட்டு, நம் சமுதாய வணிகர்களால் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அவ்வணிகத்தால் செல்வம் பெற்ற குடும்பங்கள் இன்றும் பல. ஆனால் அச்செல்வத்தின் ஒரு துளியும் காயற்கரைக்குத் திரும்பவில்லை.

மணல் மூடியதால் பழவேற்காடு அழிந்தது என்று கூறுவோருண்டு. மணல் மூடியது உண்மை, இன்றும் மூடுகிறது. ஆனால் முகத்துவாரம் 1610இலும் இதே இயல்பினதுதான். வாணிகம் இருந்தபோது மணலை மீறிப் படகுகள் சென்றன. வாணிகம் போனபின் மணல் காரணமாகச் சொல்லப்பட்டது. மதராசுக்கு வடக்கே 1806இல் வெட்டத் தொடங்கி, பின்னர் நீட்டி, 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை ஒட்டி ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழி, இக்காயலினூடே சென்றது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் காயற்கிளிஞ்சலும் அதன் வழியே மதராசின் அடுப்புக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் சென்றன. மாணிக்கம் இறங்கிய துறையில் விறகு ஏறியது. இருப்புப்பாதையோ பொன்னேரி வழியாக மேற்கே விலகிச் சென்றுவிட்டது.

கோட்டைக்காரர் வருமுன்னும் போனபின்னும் காயலில் மாறாது நின்றது மீன்பிடித் தொழில். அதில் 'பாடு' என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் காயலில் வலை நாட்டும் இடங்களை வகுத்து, சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு; நாளை மற்றொருவருக்கு. எவரும் ஓரிடத்தைத் தமதென்று வளைத்துக்கொள்ள வழியில்லை. மதீனாச் சந்தையின் ஏற்பாட்டைப் படித்தவர்க்கு இது வியப்பளிக்காமல் இராது. ஆயினும் இதையும் மிகைப்படப் புகழ நாம் துணியோம். முறைக்குள் இருப்பவர்க்கே அதில் நீதி. புறத்தே உள்ள பிற குப்பத்தார்க்கும் பிற வகுப்பார்க்கும் இடமில்லை என்பதால் அண்மைக் காலத்தில் பூசல்கள் பல எழுந்துள்ளன. தெற்கே எண்ணூரில் 2001இலும் காட்டுப்பள்ளியில் 2013 அளவிலும் புதிய துறைமுகங்கள் இயங்கத் தொடங்கியுள்ளன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பன்மடங்கு விரிக்கும் திட்டத்தைக் குப்பத்து மக்கள் எதிர்த்துவர, 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கரை அரிப்பும் முகத்துவார அடைப்புமே அவர்கள் அச்சம். முன்பு வந்த கோட்டைக்குப் படகோட்டிகள் தேவைப்பட்டனர். இத்துறைமுகங்களின் பாரந்தூக்கிகளுக்கு அவர்கள் தேவைப்படுவதில்லை.

இன்று பழவேற்காட்டுக்குச் செல்வோர் பேருந்து நிலையத்தருகே புதர் மண்டிய மேட்டைக் காணலாம். கெல்ட்ரியா கோட்டை அதுதான். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தொல்பொருள் துறை காத்துவருகிறது. வாயிலில் இரு எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் நிற்கின்றன. உள்ளே இறந்தவரின் பெயர், பதவி, நாள், குலச்சின்னம் எல்லாம் கல்லில் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் அறிய அமைத்த நிழற்கடிகாரம் உள்ளது. முஸ்லிம் பெண்கள் பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைந்து விற்கின்றனர். தாய்வழி மகள் கற்ற தொழில் அது. மரைக்காயர் மாளிகைகளுட் பல சிதைந்துவிட்டன.

பழவேற்காட்டு அங்காடியின் வரலாறாக நாம் மேலே கூறியவற்றுள் மிகுதியும் வாங்கியவர் எழுதிவைத்த கணக்கு. ஒல்லாந்தரின் ஏடுகள் திஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் வரிசை எண்ணோடு உள்ளன. நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் இருக்கின்றன. விற்றவரின் ஏடு எங்கே? அது நம் இல்லங்களில் மரப்பெட்டிகளுக்குள் கிடக்கிறது, அல்லது கிடந்தது. நிலப்பத்திரம், கடன்சீட்டு, சரக்குப் பட்டி, கப்பற் பங்கு எழுதிய தாள், பாகப்பிரிவினை, நிக்காஹ் பதிவு, ஹஜ்ஜுக்குச் சென்றவர் எழுதிய கடிதம் எனப் பலவும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். வீட்டை இடித்துக் கட்டும்போது, படிக்க முடியாத பழந்தாள் என்று அவற்றை ஆற்றில் விடுவதும், திருவசனம் இருக்குமோ என்று அஞ்சி எரித்துவிடுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பழவேற்காட்டிலோ, அங்கிருந்து சென்னை மண்ணடிக்கும் பிற ஊர்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலோ இத்தகைய தாள்கள் இருப்பின், எரிப்பதற்குமுன் அரபுத் தமிழ் அறிந்த ஒருவரிடம் காட்டுக; படியெடுத்தபின் மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். உப்புக்காற்று வீசும் ஊர்களில் தாள் நெடுநாள் தாங்காது, கரையானும் காத்திராது.